மீன் பிடிக்க அனுமதி கேட்டு

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கடிதம் எழுதியவள் நான். அந்த ஒரு கடிதத்தால் நான்கு வீடுகளில் ஏழு வாரம் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு இல்லாமல் போனது. இன்றைக்கும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது கடுதாசி என்று வாயெடுத்தால், ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பேசுவார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைப் பக்கம். லயத்துக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே மானாப் புல், அதற்கும் மேலே காடு. காட்டுக்குள் ஓர் ஓடையை மறித்து வெள்ளைக்காரர் காலத்தில் கல் அணை கட்டியிருந்தார்கள். அதில் தேங்கிய தண்ணீரை நாங்கள் குளம் என்போம். அங்கிருந்து புறப்படும் இரும்புக் குழாய்தான் ஸ்டோருக்கும், துரை பங்களாவுக்கும், எங்கள் லயத்துப் பைப்புக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை, துரை என்பது தோட்டத்து மேனேஜரை. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. பச்சைக் கொழுந்து வாடுகிற மேல்மாடியில் ஆறு நாள் நடந்து நடந்து, ஏழாம் நாள் உட்காருவதற்காகவே குளத்துக்குப் போனார் என்று அம்மா சொல்வாள்.

குளத்தில் திலாப்பியா இருந்தது, கெண்டை இருந்தது, சேற்றோரம் விராலும் இருந்தது. முதலில் யார் கொண்டுபோய் விட்டார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் பாட்டனைச் சொல்வார்கள். ஞாயிறு விடியும்போது நான்கு பேர் மலையேறுவார்கள். அப்பா, மாமா, ஸ்டோரில் அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோட்டத்து வாச்சர். விறகு வெட்டுகிறவர்களையும் தேயிலைக்குள் மாடு விடுகிறவர்களையும் பிடிப்பது அவர் வேலை. மீன் பிடிக்கிறவர்களைப் பிடிப்பதும் அவருடைய வேலைதானா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

தூண்டில் எல்லாம் வீட்டில் செய்ததுதான். மெல்லிய மூங்கில், பதுளைக் கடையில் வாங்கிய தங்கூசி நூல், தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிய மிதப்பு. பாரத்துக்கு அப்பா பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைச் சுருட்டி வைத்திருந்தார். அதில் நகத்தளவு கிள்ளி நூலில் கடித்து ஒட்டுவார். இரை மண்புழு. மண்புழுவை மீன் சீந்தாத நாளில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு. அப்படியொரு நாளுக்காக அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிடி மாவு அதிகமாகப் பிசைவாள். பிசையும்போது, "மீனுக்கு ரொட்டி, மனுசனுக்கு மீனு, எனக்கு என்னா?" என்று கேட்பாள். "உனக்கு முள்ளு," என்று அப்பா சொல்வார்.

பெண்கள் குளத்துக்குப் போவதில்லை. பெண் தாண்டிய கம்பில் மீன் கொத்தாது என்று அப்பா நம்பினார். வாசலில் சாத்தி வைத்த கம்பை நான் தினமும் நாலு தரம் தாண்டிக்கொண்டுதான் இருந்தேன். மீன்கள் எனக்குத் தெரிந்து அதைப் பொருட்படுத்தவில்லை.

கடிதத்துக்குக் காரணம் ஒரு ஜீப்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் சித்தியடைந்திருந்தேன். எங்கள் லயத்தில் முதல் ஆள். அதிலும் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே கால் கூசுகிறது. பைப்படியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட கையில் ஒரு புத்தகம் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் டியூஷன் முடித்து, பஸ்ஸில் வந்து இறங்கித் தோட்டத்து ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே குளத்திலிருந்து நான்கு பேரும் இறங்கி வந்தார்கள். தோளில் கம்பு, கையில் ஈரச் சாக்கு. அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. அடுத்த விநாடி ரோட்டில் ஒருவரும் இல்லை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ரோட்டோரம் வெட்டிய கானுக்குள், தவளைகள் தண்ணீரில் விழுவதுபோல, நான்கு பேரும் விழுந்திருந்தார்கள். கம்புகள் தேயிலைக்குள் போயிருந்தன.

ஜீப் மெதுவாகத்தான் வந்தது. துரை இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. எதிர்ப் பக்கத்துத் தேயிலையில் ஏதோ புதிதாக முளைத்ததுபோல அதையே பார்த்துக்கொண்டு போனார்.

ஜீப் போனதும் அப்பா எழுந்து வந்தார். நெற்றியில் சேறு. காதோரம் ஒரு பன்னை இலை.

"என்னா பாப்பா, கிளாஸ் முடிஞ்சிருச்சா?" என்று ஒன்றும் நடக்காததுபோலக் கேட்டார்.

"ஏம்ப்பா கானுக்குள்ள எறங்குனீங்க?"

"ஜீப்பு வந்துச்சில்ல."

"வந்தா? மீனு என்ன களவெடுத்ததா?"

"களவில்ல. ஆனா தொர முன்னுக்கு மீனத் தூக்கிக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கும்?"

மாமா சாக்கைத் திறந்து, மீன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அவரு நம்மளப் பாக்கல, நாம அவரப் பாக்கல. எல்லாரும் சந்தோசமா வீட்டுக்குப் போறோம். இதுல உனக்கு என்னா மருமகளே நட்டம்?"

அன்று எனக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. கொறக்காப் புளி போட்டு அம்மா வைத்த குழம்பு. சாதாரண நாளில் சட்டியை வழித்துச் சாப்பிடுவேன். ஓ.எல். சித்தியடைந்த பிள்ளையின் அப்பா கானுக்குள் படுக்கக் கூடாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூன்று நாள் எடுத்து எழுதினேன். கோடு போட்ட தாளில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு தடவை திருத்தி. தோட்டத்துக் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதற்கு இந்த நான்கு தொழிலாளர்களுக்கும் தயவுசெய்து அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முழுவதும் வாசித்து, தமிழில் சொல்லிக்காட்டினேன். அப்பா தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"எம் பேரு எங்க இருக்கு?"

காட்டினேன். விரலை அதன் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இத குடுக்கத்தான் வேணுமா பாப்பா?"

"குடுத்தா இனிமே நடு ரோட்டுல நடந்து வரலாம்ப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆபீசில் கடிதத்தை வாங்கியவர் கிளாக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக எங்கள் தோட்டத்தில் இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை. கண்ணாடியை ஏற்றி, இறக்கி, இரண்டு தரம் வாசித்தார்.

"இங்கிலீசு நல்ல வடிவாயிருக்குப் பிள்ளை. நீயே எழுதினனீ?"

"ஆமாங்க ஐயா."

"ஆனால் இதைக் கேக்கத்தான் வேணுமோ?"

"கேட்டாத்தானே ஐயா கெடைக்கும்?"

"கேளாமலே கிடைச்சுக் கொண்டிருக்கிறதைக் கேட்டால் என்ன கிடைக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தனியோ?"

எனக்குக் கோபம் வந்தது. லயத்துப் பிள்ளை இவ்வளவு நன்றாக எழுதிவிட்டாளே என்ற பொறாமை என்று நினைத்தேன். "துரைகிட்ட குடுத்திருங்க ஐயா," என்று சொல்லிவிட்டு, அதே நடையில் திரும்பி வந்தேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. டைப் அடித்த கடிதம். அப்பாவின் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டிருந்தது. அதுவரை அப்பாவுக்கு யாரும் கடிதம் போட்டதில்லை. உறையைத் திறப்பதற்கு முன்பே லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மாமா வந்தார், மற்ற இருவரும் வந்தார்கள், அவர்கள் வீட்டு ஆட்களும் வந்தார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். நான் படியில் ஏறி நின்று பிரித்தேன்.

முதல் வரியிலேயே 'வருந்துகிறோம்' என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தது. அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் நான் நினைத்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான்.

"படி பாப்பா," என்றார் அப்பா.

படித்தேன். குளம் குடிதண்ணீருக்கானது. இனி எந்த நாளிலும் எவரும் அதில் இறங்கவோ, எதையும் உள்ளே போடவோ, எதையும் வெளியே எடுக்கவோ கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஞாயிற்றுக்கிழமைகளில் காவலுக்கு வாச்சர் நிறுத்தப்படுவார்.

யாரோ வீட்டுக் கோழி மட்டும் பேசியது.

"வாச்சரா? எந்த வாச்சரு?" என்று மாமா கேட்டார்.

"மாமா, தோட்டத்துக்கு வாச்சர் நீங்க ஒரு ஆளுதான்."

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் தன்னுடைய காக்கிச் சட்டையைக் குனிந்து பார்த்தார். "அப்ப என்னய நானே புடிக்கணுமா?"

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து, பொலித்தீன் பையில் போட்டு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தார். "மிஸ்டர் போட்டிருக்கு," என்றார் அம்மாவிடம். தடையை அவ்வளவு பத்திரமாக வைத்தவர் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன. விடியற்காலையில் பழக்கத்தில் எழும்பிவிடுவார். போக இடமில்லை. ஆடாத கதிரைக்கு ஆணி அடித்தார். ஒழுகாத தகரத்துக்குத் தார் பூசினார். மூன்றாவது வாரம் அம்மாவின் அடுப்பை உயர்த்திக் கட்டுகிறேன் என்று பிரித்துப் போட்டார். அம்மா அன்று பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்துக்கொண்டே, "இந்த மனுசன யாராச்சும் கொளத்துப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போங்கடி, தடை எனக்கு வேணாம்," என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். குழம்புக்குக் கருவாடு வந்தது. அடுத்த ஞாயிறு டின்மீன். அதற்கடுத்த ஞாயிறு பருப்பு.

மாமாவின் நிலைமை அதைவிட மோசம். காலையிலிருந்து மத்தியானம் வரை குளத்தோரம் கையில் கம்பில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். வந்து அன்று பார்த்த மீன்களைச் சொல்வார்.

"மச்சான், அந்தப் பெரிய விரால் இருக்குல்ல, நாம போன வருசம் விட்டது. இன்னைக்கி கரைக்கே வந்திருச்சு. என்னயப் பாத்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஏன்டா சும்மா குந்தியிருக்கன்னு கேக்குது."

"நீ என்னா சொன்ன?" என்று அப்பா கேட்பார்.

"இங்கிலீசுல கடுதாசி வந்திருக்குன்னு சொன்னேன். அது எனக்கு ஓ.எல். இல்லன்னிருச்சு."

இதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் படித்துக்கொண்டிருக்கிற என் காதில் விழ வேண்டும் என்றே பேசப்பட்டவை. லயத்தில் எனக்கு "கடுதாசித் தொரைசாணி" என்று பெயர் வந்திருந்தது. பைப்படிக்குப் புத்தகம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அப்பாவுக்குக் கோவமே வரலயா?"

"எதுக்குக் கோவம்? தடை வரும்னு உங்கப்பனுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கையெழுத்துப் போட்டாரு?"

"நீ மூணு நாளு எழுதுன. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வேணாங்க முடியல அவருக்கு." அம்மா கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான். "ஒரு கொளந்தானே, போகட்டும்னாரு."

அன்றிரவு எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. அப்பாவைக் கானிலிருந்து வெளியே கொண்டுவரப் போய், அவருடைய ஒரே ஞாயிற்றுக்கிழமையை நான் பிடுங்கிவிட்டேன். அதை நான்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. இன்னொரு கடிதம் எழுதலாம் என்றால், பேனாவை எடுத்தாலே அடுத்த வீட்டில் இருமினார்கள்.

வழி தண்ணீரிலிருந்தே வந்தது. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மழை விடாமல் பெய்யும். காடு முழுக்க நனைந்து, இலையும் சுள்ளியும் ஓடையில் அடித்துக்கொண்டு வரும். அணையின் அடியில், இரும்புக் குழாயின் வாயில், ஒரு கம்பிக்கூடை உண்டு. குப்பை குழாய்க்குள் போகாமல் தடுப்பதற்கு. குப்பை அதில் வந்து சேரும். அதை வாராவாரம் யார் அள்ளினார்கள் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. யாரும் அள்ளாமலே அது சுத்தமாக இருந்தது என்று நினைத்திருந்தார்கள்.

அள்ளியவர்கள் அந்த நான்கு பேர்தான். தோட்டத்தின் மீது பாசத்தால் அல்ல. குழாய்வாய்ப் பக்கம்தான் மீன் கூடும், அங்கே குப்பை கிடந்தால் தூண்டில் முள் சிக்கி நூல் அறும். அதனால் போனதும் முதல் வேலை, இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடையை வழிப்பது. அதற்குப் பிறகுதான் கம்பை நீட்டுவார்கள். எத்தனையோ வருஷமாக இதுதான் வழக்கம்.

ஏழாவது வாரம் பங்களாவில் தண்ணீர் நின்றுபோனது. பங்களா மேட்டில் இருக்கிறது, குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் அங்கேதான் நிற்கும். கொட்டுகிற மழையில், குளம் நிரம்பி வழிகிற நேரத்தில், துரை வீட்டுக் குளியலறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த நாள் ஸ்டோரிலும் குறைந்தது. மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"கூடை நெறஞ்சு கெடக்குங்க," என்று மாமா சொன்னாராம்.

"பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தாய்?"

"தண்ணியில யாரும் எறங்கக்கூடாது, எதையும் வெளிய எடுக்கக்கூடாதுன்னு கடுதாசியில இருக்குங்களே. நானும் அந்த யாருல ஒரு ஆளுதானுங்களே."

இதைச் சொல்லிவிட்டு வந்து எங்கள் வீட்டில் மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்தார். ஏழு வாரத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது அன்றுதான்.

சனிக்கிழமை பின்னேரம் குடை பிடித்துக்கொண்டு கிளாக்கர் ஐயா லயத்துக்கே வந்துவிட்டார். துரை ஸ்டோரிலிருந்து ஆறு பேரை அனுப்பிப் பார்த்தாராம். வழுக்கலும் அட்டையுமாக, கூடை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்களாம்.

"நாளைக்கு நீங்கள் நாலு பேரும் ஒருக்கால் போய் அதைத் துப்புரவாக்கி விடுங்கோவன்," என்றார் அப்பாவிடம்.

அப்பா அவருக்குக் கதிரை போட்டார். ஆணி அடித்த கதிரை. "போகலாமுங்க ஐயா. ஆனா தடை இருக்குங்களே."

"தடையை ஒரு பக்கம் வையும். துரையே சொல்லித்தான் வந்தனான்."

"வாயில சொன்னா எப்பிடிங்க ஐயா. தடை கடுதாசியில வந்துச்சு. இதுவும் கடுதாசியில வரட்டும்." பிறகு, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "எங்க வீட்டுல இப்ப எல்லாமே கடுதாசிதான். வேணும்னா பாப்பாகிட்டப் பேசுங்க."

கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பாதி கேலி. மிச்சப் பாதி வேறு ஏதோ.

கிளாக்கர் ஐயா என்னைப் பார்த்தார். "அப்ப வா பிள்ளை. நீ சொல்லு, நான் டைப் அடிக்கிறன்."

ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அகராதி இல்லை, மூன்று நாள் இல்லை, அரை மணித்தியாலம். இந்த முறை நான் எதையும் கேட்கவில்லை. அது துரை போடுகிற உத்தரவு. கீழே பெயர் குறிப்பிடப்பட்ட நான்கு பேரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குளத்துக்குச் சென்று குழாய்வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கம்பு முதலியவற்றைக் கொண்டு செல்லலாம். குழாய்வாய்ப் பக்கம் கூடி இடைஞ்சல் தருகிற மீன்களை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

கிளாக்கர் ஐயா கடைசி வரியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

"விரால் குழாய்க்குள்ளை போய் அடைக்குமோ பிள்ளை?"

"பெரிய விரால் ஐயா. மாமாவே பாத்திருக்காரு."

"அகற்றலாம் எண்டு போடாமல் அகற்ற வேணும் எண்டு போட்டிருக்கிறாய்."

"ஆமாங்க ஐயா. லாம்னு போட்டா பொறகு யாராச்சும் கேக்கணும்."

ஒரு சொல்லும் மாற்றாமல் டைப் அடித்தார். துரை அன்றே கையெழுத்துப் போட்டார். முழுவதும் வாசித்தாரா, தண்ணீர் வந்தால் போதும் என்று போட்டாரா தெரியாது. அவருக்குக் குளிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் விடியற்காலை நான்கு பேரும் புறப்படும்போது மாமா வாசலில் நின்றுகொண்டார். "எழுதுன ஆளு வராம எப்பிடி? பாதி வழியில யாராச்சும் புடிச்சா யாரு வாசிச்சுக் காட்டுறது?"

"புடிக்கிற ஆளே நீதானடா," என்றாள் அம்மா.

அப்பா கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாண்டாம வா," என்றார்.

அப்படித்தான் நான் முதல் தடவையாகக் குளத்தைப் பார்த்தேன். மானாப் புல் இடுப்புக்கு மேல் நனைத்தது. காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை ஏறியது. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்திருந்தும் ஏழு அட்டை. குளம் நான் நினைத்ததைவிடச் சிறியது. மூன்று பக்கமும் மரங்கள் குனிந்து, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அப்பாவும் மாமாவும் இடுப்பளவில் இறங்கி, மூச்சடக்கிக் குனிந்து, அழுகிய இலையைக் கை கையாக அள்ளிக் கரையில் எறிந்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் ஆனது. திடீரென்று குழாய் ஒரு தரம் ஏப்பம் விட்டது. தண்ணீர் உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. "தொரைசாணி குளிக்கலாம்," என்றார் மாமா.

பிறகு கம்புகளை நீட்டினார்கள். அப்பா தன்னுடையதை என் கையில் கொடுத்தார். மிதப்பைப் பார்த்துக்கொண்டே இரு, ஆடினால் இழுக்காதே, அமிழ்ந்தால் இழு என்றார். ஆடியபோதே இழுத்தேன். நான்கு தரம். ஒவ்வொரு தரமும் வெறும் முள் வந்தது. புழு கோர்ப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லாததால் அப்பாதான் திரும்பத் திரும்பக் கோர்த்தார். ஐந்தாவது தரம் பொறுத்தேன். அமிழ்ந்தது. இழுத்தேன். விரல் நீளத்தில் ஒரு திலாப்பியாக் குஞ்சு ஆகாயத்தில் பறந்து வந்து என் தோளில் மோதியது.

மாமா அதை உள்ளங்கையில் வைத்துக் கூர்ந்து பார்த்தார். "இது இன்னும் அஞ்சாங் கிளாசு. படிக்கட்டும் விட்டுரு."

விட்டுவிட்டேன். மற்றவர்களுக்கு நல்ல மீன். குழாய்வாய்ப் பக்கம் ஏழு வாரமாக யாரும் தொந்தரவு செய்யாததால் அவை மரியாதை மறந்திருந்தன. விரால் மட்டும் வரவில்லை. இடைஞ்சல் தரும் மீன் என்று தன்னைப் பற்றி எழுதியது தெரிந்துவிட்டது என்றார் மாமா.

மத்தியானம் கீழே இறங்கித் தோட்டத்து ரோட்டுக்கு வந்தோம். உத்தரவுக் கடிதம் பொலித்தீன் பையில், அப்பாவின் சட்டைப் பையில். வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

நான் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றேன். இந்த நொடிக்காகத்தான் இரண்டு கடிதம். திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான்கு பேரும் கானுக்குள் இருந்தார்கள்.

"அப்பா!"

கானுக்குள்ளிருந்து அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது, தான் எங்கே இருக்கிறேன் என்று. வெட்கப்பட்டுச் சிரித்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையை என் தோளில் ஊன்றி, மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். சாக்கிலிருந்து ஒரு கெண்டையை எடுத்து, வாலைப் பிடித்து, ஜீப்பில் வருகிறவருக்கு நன்றாகத் தெரியும்படி முன்னால் தொங்கவிட்டுக்கொண்டார். நெற்றியில் சேறு இருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை மிச்சமில்லை. நான் துடைத்துவிட்டேன்.

ஜீப் மெதுவாக வந்தது. எங்களைக் கடந்தது. துரை எதிர்ப் பக்கத்துத் தேயிலையையே பார்த்துக்கொண்டு போனார்.

"பாக்கவேயில்லையேப்பா!" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா கானிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார். "அவருக்கும் பழக்கம் விடல மருமகளே. அவருக்கொரு கடுதாசி எழுதிப் போடு."

அப்பா கெண்டையைச் சாக்கில் போடவில்லை. லயம் வரும்வரை, நடு ரோட்டில், அதை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.